நான் அரிசி கேட்கவில்லை

புளியடிப்பத்து,
24.7.2024

மதிப்பிற்குரிய செயலாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் மாலா. தாமிரபரணிக் கரையில் புளியடிப்பத்து என் ஊர். பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல் உதவியாளராக இருக்கிறேன். போன டிசம்பர் வெள்ளத்தின்போது உங்கள் துயர் துடைப்புக் குழு சங்கரன்கோவிலில் இருந்து அரிசியும் போர்வையும் கொண்டுவந்து கொடுத்த ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று.

ஆடித்தபசுத் திருவிழா பார்க்க ஞாயிற்றுக்கிழமை சங்கரன்கோவில் வந்திருந்தேன். என் மகள் ஸ்ருதியும் என் கணவரின் அக்கா ஆறுமுகத்தாய் மதினியும் திருவேங்கடத்தில் இருந்து வந்து சேர்ந்துகொண்டார்கள். வெள்ளத்தில் வீடு போனதில் இருந்து ஸ்ருதி மதினி வீட்டில் தங்கித்தான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

ரத வீதியில் உங்கள் குழுவின் மோர்ப் பந்தல் போட்டிருந்தது. மோர் வாங்க நின்றோம். பந்தல் முகப்பில் இரண்டாள் உயரத்துக்கு ஒரு பிளக்ஸ். அதில் இருப்பது நான். நனைந்த நைட்டியோடு, தலைவிரி கோலமாக, வாயைத் திறந்துகொண்டு, இரண்டு கைகளையும் டிராக்டரைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்கிறேன். ஒரு கை என் பக்கம் அரிசிப் பையை நீட்டுகிறது. கீழே ‘நீட்டிய கைகளை நிறைத்தோம்’ என்று எழுதியிருக்கிறது.

மதினி அத்தனை கூட்டத்துக்கு நடுவில் கேட்டாள். “எந்தம்பி அங்கன சாகக் கெடந்தான். நீ இங்கன வந்து அரிசிக்குக் கை நீட்டிக்கிட்டு நின்னிருக்கே.”

ஸ்ருதி மோரை டம்ளரோடு பந்தல் மேசையில் வைத்துவிட்டு மதினி பின்னாலேயே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள். மூன்று நாளாக என் போனை எடுக்கவில்லை.

அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கமும் ஒன்று இருக்கிறது. பந்தலில் இருந்தவரிடம் சொன்னதற்கு, “எதுன்னாலும் எழுதிக் குடுங்க, கமிட்டில வச்சுப் பாப்பாங்க” என்றார். அதனால் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
க. மாலா


சங்கரன்கோவில்,
12.8.2024

அன்புச் சகோதரி மாலா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. குழுக் கூட்டத்தில் வாசித்தோம். வயநாடு நிலச்சரிவுக்கு லாரி ஏற்றும் வேலையில் பதில் தாமதமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளவும்.

அந்தப் படத்தை எடுத்தவர் எங்கள் உறுப்பினர் பிரின்ஸ். அதைப் பார்த்துக் கலங்காதவர்கள் இல்லை. சென்ற வாரம் மட்டும் அதன் அடியில் நின்றுகொண்டு, “இந்த மாதிரி ஒரு பொம்பள அங்கனயும் நிப்பாள்லா” என்று சொல்லி, அடைத்திருந்த கடையைத் திறந்து போர்வைகளைத் தூக்கிக் கொடுத்தார் ஒரு ஜவுளிக்காரர். தங்கள் படம் எங்கோ முகம் தெரியாத ஒரு குடும்பத்தைக் குளிரில் இருந்து காத்திருக்கிறது. இதைத் தாங்கள் பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

முகத்தை மட்டும் மறைக்கலாமா என்று கேட்டேன். மறைத்தால் படத்தில் உயிர் இருக்காது என்கிறார் பிரின்ஸ். தலைவர் பரமசிவன் அண்ணாச்சியின் கருத்தும் அதுவே.

பசித்தவர் கை நீட்டுவதில் எந்த இழுக்கும் இல்லை என்று குழு கருதுகிறது. தங்கள் உறவினர்களுக்கு இதைத் தாங்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். வரும் டிசம்பரில் வெள்ள நிவாரணப் பணியின் ஓராண்டு நிறைவு விழா நடக்கும். தாங்கள் மேடைக்கு வந்து இரண்டு வார்த்தை பேசினால் மகிழ்வோம்.

அன்புடன்,
சு. கோமதிநாதன்
செயலாளர்
(ஓய்வு பெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர்)


புளியடிப்பத்து,
20.8.2024

ஐயா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பசித்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். பசி இருந்ததுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தில் என் வாய் திறந்திருப்பது எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். தெரியாதது மாதிரி எழுதியிருப்பதால் நானே எழுதுகிறேன்.

திங்கட்கிழமை விடியும்போது வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. நானும் ஸ்ருதியும் வெளியே ஓடி வந்துவிட்டோம். என் கணவர் கண்ணன் மாட்டை அவிழ்த்துவிடத் திரும்பிப் போனார். மண் சுவர் அவர் இடது காலில் விழுந்தது. நாலு பேர் தூக்கிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூட மச்சில் போட்டார்கள். திங்கள் போனது, செவ்வாய் போனது. கரண்ட் இல்லை, போனில் டவர் இல்லை. புதன்கிழமை காலையில் அவர் காலில் சேலையைச் சுற்றியிருந்த இடத்துக்குக் கீழே கறுத்துப்போய் நாற்றம் அடித்தது. அவர் ஸ்ருதியைத் தன் அம்மா என்று நினைத்துக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

பதினொரு மணி இருக்கும். பிள்ளையார் கோயில் முக்கில் டிராக்டர் சத்தம் கேட்டது. “ஆளைக் கூட்டிட்டு வாரேன்” என்று ஸ்ருதியிடம் சொல்லிவிட்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நடந்தேன். கோயில் முக்கு மேடு. அங்கே முட்டளவுதான் தண்ணீர். அரிசிப் பைகளுக்கு முன்னால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றது நீங்கள். செயலாளர் என்றுதான் உங்கள் ஆட்கள் உங்களைக் கூப்பிட்டார்கள்.

நான் உங்களிடம் சொன்னது இதுதான். “சார், எங்க வீட்டுக்காரரு ஸ்கூல் மச்சுல கெடக்காரு. காலு கறுத்துப் போச்சு. இந்த டிராக்டர்ல ஏத்தி மெயின் ரோட்டுல விட்ருங்க. அங்கன ஆம்புலன்ஸ் நிக்குன்னு சொல்லுதாங்க.” பள்ளிக்கூடம் இருந்த பக்கம் ஒரு கை, டிராக்டர் பக்கம் ஒரு கை என்று காட்டிக் காட்டிச் சொன்னேன். பிறகு இரண்டு கைகளையும் நீட்டிக் கெஞ்சினேன். அப்போதுதான் உங்கள் ஆள் படம் பிடித்தார். “இன்னொரு தடவ” என்றுகூடச் சொன்னார்.

டிரைவர் உங்களைப் பார்த்து, “போயிரலாம் அண்ணாச்சி, இடுப்பளவு தண்ணிதான். நாலு ஆளு ஏறி உக்காந்தா டிரெய்லர் மெதக்காது” என்றார். நீங்கள் என்னைப் பார்த்து, “கவர்மென்ட் போட் வரும்மா, பதறாத” என்று சொல்லி அரிசிப் பையை என் கையில் வைத்தீர்கள்.

போட் வரவில்லை. வியாழக்கிழமை தண்ணீர் வடிந்த பிறகு ஒரு கதவைக் கழற்றி, அதில் அவரைப் படுக்கவைத்து ஆறு பேர் மாறி மாறி மூன்று கிலோமீட்டர் சுமந்தார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவர் காலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். “நேத்து கொண்டு வந்திருந்தா காலை மட்டும் எடுத்திருக்கலாம்.” வெள்ளிக்கிழமை இறந்துபோனார்.

அந்த அரிசியைப் புதன்கிழமை பொங்கினேன். ஸ்ருதியும் நானும் சாப்பிட்டோம். அவர் வாயிலும் கஞ்சியாக ஊற்றினேன், இறங்கவில்லை. ஆளைக் கூட்டிவரப் போனவள் அரிசியோடு திரும்பினேன் என்பது மட்டும்தான் என் மகளுக்குத் தெரியும். டிராக்டர் வராது என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். ஏதோ அரைகுறையாக நம்பிக்கொண்டிருந்தாள். உங்கள் பிளக்ஸைப் பார்த்த பிறகு அதுவும் இல்லை.

படத்தை எடுங்கள்.

மாலா


சங்கரன்கோவில்,
20.9.2024

திருமதி மாலா அவர்களுக்கு,

தங்கள் கணவர் காலமான செய்தியை இப்போதுதான் அறிந்தேன். ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். மனிதாபிமான அடிப்படையில் இரண்டு பிளக்ஸ்களையும் அகற்றச் சொல்லிவிட்டேன். முகநூல் பக்கத்தில் இருந்தும் எடுத்தாகிவிட்டது.

மற்ற விஷயம் பற்றி. அன்று டிராக்டரைச் சுற்றி ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். ஒவ்வொருவரும் ஒன்றைக் கேட்டார்கள். தாங்கள் சொன்னது என் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் உதவி செய்யாமல் வரக்கூடியவன் அல்ல நான். துயரத்தில் இருப்பவர்களுக்கு நடந்ததும் நடக்காததும் கலந்து தோன்றுவது இயற்கை. தாங்கள் எழுதியிருப்பதை வெளியில் பேசினால் ராப்பகலாக உழைத்த தொண்டர்களின் மனம் என்ன பாடுபடும் என்று யோசிக்கவும்.

நானும் பதினொரு நாள் அந்தச் சேற்றில் நின்றவன். என் மூத்த மகளின் வளைகாப்புக்குக்கூட நான் போகவில்லை. அவள் இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுகிறாள். ஒருவரும் எங்களை வரச்சொல்லி வற்புறுத்தவில்லை. வந்ததற்கு இதுதானா பலன் என்று கேட்கத் தோன்றுகிறது.

சு. கோமதிநாதன்


புளியடிப்பத்து,
5.11.2024

ஐயா,

படத்தை எடுத்ததற்கு நன்றி என்று எழுத நினைத்தேன். கை வரவில்லை.

நடக்காதது எனக்கு நடந்ததாகத் தோன்றுகிறது என்று எழுதினீர்கள். அதைப் படித்த பிறகு ஒரு வாரம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் சத்தமாகச் சொன்னேனா, மனதுக்குள் சொன்னேனா என்று தெரியாமல் அடுப்படியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு வாரம் எனக்குக் கொடுத்தீர்கள்.

அந்தப் படத்தில் டிரெய்லரில் ஒரு பெயர் எழுதியிருந்தது. அதை வைத்து விசாரித்து, இளையரசனேந்தலுக்கு பஸ் பிடித்துப் போனேன். டிரைவர் பெத்துராஜ் உளுந்தங்காட்டில் உழுதுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். அடையாளம் தெரியாத மாதிரி நடிக்கவில்லை.

“செயலாளர் அண்ணாச்சி காதுல நல்லாவே விழுந்துச்சுக்கா. நாந்தான் ரெண்டு தடவ சொன்னேம்லா. தலைவர் பன்னெண்டு மணிக்கு அடுத்த ஊர்ல நிப்பாரு, டிவிக்காரங்க வந்து காத்துக் கெடக்காங்க, வண்டியத் திருப்புலேன்னாரு. நானும் திருப்பிட்டேன். சாவியும் ஸ்டியரிங்கும் எங்கையிலதான் இருந்துச்சு. அத நெனச்சா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்கு.”

உங்கள் குழுவில் என்னிடம் மனிதராகப் பேசிய ஒரே ஆள் அவர்தான் என்று தோன்றியது.

தீபாவளிக்கு ஸ்ருதி வரவில்லை. எடுத்து வைத்திருந்த சுடிதாரைத் திருவேங்கடத்துக்கே கொண்டுபோனேன். மதினி வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டாள். என் மகள் ஜன்னலுக்கு உள்ளே நின்றாள். நான் அவளிடம் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் சொன்னேன். டிரைவர் சொன்னதையும் சொன்னேன். “எல்லாம் நீயாச் சொல்லுதது” என்றாள்.

எனக்கு ஒன்று வேண்டும். அன்று நான் என்ன கேட்டேன், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். என் மகளிடம் காட்டத்தான். நான் கேஸ் போடப் போவதில்லை. பேப்பருக்குக் கொடுக்கப் போவதில்லை. வேறு எதுவும் கேட்டு இனி எழுத மாட்டேன்.

மாலா


சங்கரன்கோவில்,
24.12.2024

மாலா அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தை மேசை டிராயரில் போட்டுப் பூட்டி வைத்திருந்தேன். கார்த்திகைக்கு விளக்குத் திரி தேடிய என் மனைவி வடிவாம்பாள் கையில் அது கிடைத்துவிட்டது. முழுவதையும் படித்துவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

“அந்தப் பிள்ள கேட்டது உங்க காதுல விழுந்துச்சா, இல்லையா? ஒத்த வார்த்த சொல்லுங்க.”

“விழுந்துச்சு” என்றேன்.

எழுந்து உள்ளே போய்விட்டாள். அதன்பிறகு தட்டு வைக்கிறாள், சாப்பாடு போடுகிறாள். பேச்சு இல்லை.

ஆம். விழுந்தது. தாங்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் விழுந்தது. பெத்துராஜ் சொன்னதும் உண்மை. என்ன காயம் என்று நான் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டால் போக வேண்டியிருக்கும் என்று தெரிந்தே கேட்காமல் விட்டேன். நாற்பது வருட அலுவலகப் பழக்கம் அது. மனுவை வாங்காவிட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா. அங்கே தலைவர் காத்திருக்கிறார், தாமதமானால் எல்லோர் முன்னாலும் சத்தம் போடுவார் என்ற பயம் ஒன்றுதான் அந்த நிமிடத்தில் எனக்குள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஓராண்டு நிறைவு விழா நடந்தது. மண்டபம் நிறைந்த கூட்டம். எனக்குக் கொடுத்த ஐந்து நிமிடத்தில் எழுதி வைத்திருந்த அறிக்கையை விட்டுவிட்டு இதைச் சொன்னேன். ஒரு பெண் கணவனைக் காப்பாற்ற வண்டி கேட்டாள், நான் அரிசியைக் கொடுத்துவிட்டு வந்தேன், அவர் இறந்துவிட்டார் என்று சொன்னேன். பிறகு முன்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். மண்டபமே தட்டியது. பரமசிவன் அண்ணாச்சி மைக்கை வாங்கி, “தப்ப ஒத்துக்கிடுத இந்தப் பெரிய மனசு யாருக்கு வரும்” என்று சொல்லி எனக்குச் சால்வை போட்டார். நான் அந்தச் சால்வையோடு கீழே இறங்கினேன். மூன்று பேர் என் கையைப் பிடித்துக் கண் கலங்கினார்கள். வடிவாம்பாள் அதற்குள் எழுந்து ஆட்டோவில் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள்.

தாங்கள் கேட்ட தாளை இத்துடன் வைக்க முடியவில்லை. எழுத்தில் எதுவும் கொடுக்கக் கூடாது, குழுவுக்கே ஆபத்து என்று தலைவரின் வக்கீல் சொல்கிறார். நான் ஊரறியச் சொல்லிவிட்டேன். தங்கள் மகளுடன் போனில் பேசவும் தயார். அது போதாதா?

சு. கோமதிநாதன்


புளியடிப்பத்து,
2.1.2025

ஐயா,

ஞாயிற்றுக்கிழமை தேதி இருபத்திரண்டு. என் கணவர் இறந்த நாள். நானும் அவருடைய படமும் மட்டும் இந்த வாடகை வீட்டில் இருந்தோம். அதே நேரத்தில் உங்களுக்கு அங்கே சால்வை போட்டிருக்கிறார்கள்.

நீங்கள் வாயால் சொன்னதற்கு ஊரே கை தட்டியது. நான் வாயால் சொன்னதை நான் பெற்றவளே நம்பவில்லை. வாய்ப் பேச்சைப் பற்றி எனக்கு எழுதாதீர்கள். போனில் பேசினால், யாரையோ பிடித்துப் பேசவைத்திருக்கிறாள் என்று மதினி சொல்வாள்.

உங்கள் கடிதத்தையே காட்டிவிடலாம் என்று பையில் எடுத்து வைத்தேன். கால் மைல் நடந்துவிட்டுத் திரும்பி வந்தேன். அதில் என் புருஷன் சாவு நாலு வரிதான் இருக்கிறது. மீதியெல்லாம் உங்களுடைய கஷ்டம். அதை என் மகள் படிக்க வேண்டாம்.

தாள் வருமா, வராதா என்று மட்டும் சொல்லுங்கள்.

மாலா


சங்கரன்கோவில்,
20.1.2025

மாலா அவர்களுக்கு,

செயலாளர் பொறுப்பில் இருந்து விலகிவிட்டேன். வக்கீலிடம் கேட்கவில்லை. தாங்கள் கேட்டது கீழே.

ஸ்ருதிக்கு,

2023 டிசம்பர் 20, புதன்கிழமை, காலை பதினொரு மணி அளவில் நான் புளியடிப்பத்து பிள்ளையார் கோயில் முக்கில் நிவாரண டிராக்டரில் நின்றேன். உன் அம்மா இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்தார். உன் அப்பா பள்ளிக்கூட மச்சில் இருப்பதாகவும், கால் கறுத்துவிட்டதாகவும், டிராக்டரில் ஏற்றி மெயின் ரோட்டில் விடும்படியும் கேட்டார். ஒரு தடவை அல்ல, நான் எண்ணிய வரையில் நான்கு தடவை கேட்டார். பள்ளிக்கூடத்துக்குப் போக முடியும் என்று டிரைவர் சொன்னார். நான் மறுத்தேன். படகு வரும் என்று சொன்னேன். படகு வருமா என்று எனக்குத் தெரியாது.

உன் அம்மா அரிசி கேட்கவில்லை. அரிசிப் பையை நானாக அவர் கையில் வைத்தேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டே வண்டியின் பின்னால் சிறிது தூரம் ஓடி வந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். வண்டியை நிறுத்தவில்லை.

பிளக்ஸில் போட்ட படம் அவர் வண்டி கேட்டபோது எடுத்தது.

சு. கோமதிநாதன்
தெற்கு ரத வீதி, சங்கரன்கோவில்


புளியடிப்பத்து,
9.2.2025

ஐயா,

தாள் கிடைத்தது. பின்னால் ஓடி வந்ததை நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள் என்பது எனக்கு இதுவரை தெரியாது. தெரியாமலேயே இருந்திருக்கலாம்.

போன ஞாயிறு திருவேங்கடம் போனேன். மதினி வாசலில் நின்றாள். தாளை ஸ்ருதி கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். முதலில் இருந்து இன்னொரு முறை படித்தாள். கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். மதினி வாங்கிப் படித்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“ஏம்மா இத மொதல்லயே சொல்லல?” என்று கேட்டாள் என் மகள்.

“சொன்னேம்லா மக்கா” என்றேன். “அன்னைக்கு மச்சுல வச்சுச் சொன்னேன். தபசு முடிஞ்சு நீ போன எடுத்தன்னைக்குச் சொன்னேன். தீவாளிக்கு ஜன்னல்ல நின்னு சொன்னேன்.”

அவள் அழுதாள். அன்றைக்கே என்னோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். பரீட்சைக்கு இங்கிருந்தே போய்வருவதாகச் சொல்கிறாள். இரண்டு பஸ் மாற வேண்டும், முடியாது என்கிறேன், கேட்கவில்லை. இதை எழுதும்போது பக்கத்தில்தான் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். நேற்று நான் ஆக்கிய சோற்றைச் சாப்பிட்டுவிட்டு உப்பு கூடிவிட்டது என்றாள். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, என் மகள் என் சமையலைக் குறை சொல்லி.

இவ்வளவும் உங்கள் தாளால் நடந்ததுதான். நன்றி சொல்லாமல் இருப்பது முறையில்லை என்று எனக்குத் தெரிகிறது. ஆனாலும் சொல்ல மாட்டேன்.

நீங்கள் திரும்பிப் பார்த்ததைத் தவிர, அந்தத் தாளில் இருக்கும் ஒரு வார்த்தைகூட நான் அவளிடம் சொல்லாதது இல்லை. தண்ணீருக்குள் நடந்தவள் சொன்னபோது அது பொய். டிராக்டர் மேல் நின்றவர் எழுதியபோது அது உண்மை. என் மகள் நம்பியது உங்கள் கையெழுத்தை. அது அவளுக்குத் தெரியவில்லை. சின்னப் பிள்ளை, தெரியவும் வேண்டாம். எனக்குத் தெரியும். அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் இனிமேல் எனக்கு அது தெரிந்துகொண்டே இருக்கும்.

என் கணவருக்கு நீங்கள் செய்ததை ஒருவேளை ஒரு நாள் மறந்தாலும் மறப்பேன். இதை மறக்க முடியும் என்று தோன்றவில்லை.

உங்கள் வீட்டம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். நீங்கள் பதில் எழுத வேண்டாம்.

மாலா